மூன்று டிஸ்க்கும் ஒரு சோற்று டப்பாவும்

இல்லை அண்ணா, பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் அதிரும். உங்கள் விலாவில் இடிக்கிறதா? இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். இப்போது சரியா? நீங்களும் காங்கேயம்தானா? அப்படியென்றால் இரண்டு மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

பயப்படும்படி உள்ளே எதுவும் இல்லை. கண்டக்டரும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனார். கம்ப்யூட்டருக்குப் போடுகிற ஹார்ட் டிஸ்க், மூன்று. ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மேலே இருப்பது சோற்று டப்பா. தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், எண்ணெய் இறங்கினால் டிஸ்க்குக்கு ஆகாது.

ஒரு நிமிடம். வேகத்தடை.

ஆயிற்று. நான் இப்படித் திடீரென்று பையைத் தூக்கிப் பிடித்தால் நீங்கள் எழுந்து வழிவிட வேண்டாம். வேகத்தடை வரும்போது மட்டும் தூக்குவேன். ஈரோடு வரைக்கும் பதினேழு இருக்கிறது. போன வாரம் சும்மா ஒருமுறை போய் எண்ணிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவார்களே, எல்லாமே அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அப்பா போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவர். திருச்செங்கோட்டில் யாரைக் கேட்டாலும் அப்பாவோ மாமாவோ போர்வெல் வண்டியில்தான் இருப்பார். நான் பன்னிரண்டாவது முடித்த வருடம், வீட்டில் கரையான் இருக்கிறது, வண்டியில்தான் நல்ல இரும்புப் பெட்டி இருக்கிறது என்று என் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், அந்தச் சான்றிதழ் எல்லாவற்றையும் டூல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பாதுகாப்புக்காகத்தான். கலந்தாய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வண்டி ராய்ச்சூரில் நின்றது. பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறும் கிரீசும். மதிப்பெண் பட்டியலில் என் பெயரும் கணக்கு மதிப்பெண்ணும் மட்டும் படிக்க முடிந்தது. கணக்கில்தான் நான் குறைவு.

மறுபடி எல்லாம் வாங்கிவிட்டேன். அலைந்து திரிந்து, கடைசி நாளில். ஆனால் அன்றிலிருந்து எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைக்க என்னால் முடியாது. இப்போது என் சான்றிதழ்கள் பதினோரு இடத்தில் இருக்கின்றன. மெயிலில், போனில், அம்மா போனில், ஆபீஸ் லாக்கரில் ஒரு பென் டிரைவ், இப்படி. நான் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கழித்துப் போட்ட ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். நாலு டிஸ்க் போடும் பெட்டி. நாலில் ஏதாவது ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து செத்ததில் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்தப் பெட்டியை முதன்முதலில் ஓடவிட்ட அன்று நான் எட்டு மணி நேரம் தூங்கினேன்.

சான்றிதழ் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட வராது. மீதி எல்லாம் வாசல்.

வாசல்தான் அண்ணா. வீட்டு வாசலில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன். சத்தமும் பிடிக்கும். மூன்று வருடமாக ராத்திரி பகல் பிடித்ததெல்லாம் அதில் இருக்கிறது. அழிக்கலாம். எதை அழிப்பது? எந்த நாள் வேண்டாத நாள் என்று இப்போதே எப்படித் தெரியும்? அம்மா கோலம் போடுகிறாள், ஒரு செவலை நாய் வந்து நடுவில் படுக்கிறது, அம்மா விரட்டுகிறாள். ஆயிரத்துச் சொச்சம் நாள் இதுதான். இருந்தாலும் இருக்கட்டுமே.

அப்படித்தான் இடம் நிறைந்தது. பெரிய டிஸ்க் போட வேண்டிய நேரம். போடுவதுதான் போடுகிறோம், இரண்டு செத்தாலும் தாங்குகிற மாதிரி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். புது டிஸ்க் நாலு, சேலத்தில் இரண்டு, கோயம்புத்தூரில் இரண்டு, வேறு வேறு மாதத்தில் வாங்கினேன். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை ஒரே சமயத்தில் போகும் என்று சொல்வார்கள். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். பழையது ஒன்றை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால், பெட்டி மற்ற மூன்றையும் முழுக்கப் படித்துப் புதியதில் எழுதும். நாற்பத்தோரு மணி நேரம். அது முடியும்வரை இன்னொரு டிஸ்க்குக்கு ஏதாவது ஆனால் எல்லாம் போய்விடும். மூன்று வருட வாசலும்.

வேகத்தடை.

முதல் இரண்டும் மாற்றிவிட்டேன். மூன்றாவதை நிதானமாக மாற்றலாம் என்று இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பழைய மூன்றாவது டிஸ்க் முனக ஆரம்பித்தது. காத்திருக்க முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு உருவிப் புதியதைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முடியும் என்று காட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காங்கேயத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

பெண் பெயர் கோகிலவாணி. இ-சேவை மையத்தில் வேலை. நாங்கள் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. கோகிலவாணி காபி கொடுத்தபோது தட்டில் ஒரு டம்ளர் கூடுதலாக வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "யாராச்சு ஒருத்தரு கொட்டீருவாங்க" என்றார்கள். அப்போதே மனதில் இவர்கள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவிடம் ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். "நாளு பாத்தாச்சு. அந்தப் பொட்டிக்குக் காச்சல்னு நான் சம்பந்தி வூட்டுக்குச் சொல்லட்டுமா?" என்றாள். சரி, நாலே நாலு விஷயம் மட்டும் கேட்டேன். மிக்சி ஓடக் கூடாது. எங்கள் வீட்டில் மிக்சி போட்டால் விளக்கு மங்கும், யூபிஎஸ் கத்தும், அதில் பேட்டரி மூன்று நிமிடம்தான் தாங்கும். இஸ்திரி கூடாது. தண்ணீர் மோட்டார் கூடாது. சாமி விளக்கைச் சமையலறையில் ஏற்ற வேண்டும். ஏனென்றால் வீட்டிலேயே எர்த் சரியாக இருக்கிற ஒரே பிளக் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டி சாமி படங்களுக்குக் கீழ்த் தட்டில். சூடு ஆகாது.

அம்மா தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மிக்சிக்கு ஏழு முறை போய் வந்தாள். ஏழாவது முறை எதிர் வீட்டு அக்காவே கூட வந்து, "பொட்டி பொழைச்சுக்குமா சம்பத்து?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பத்தரைக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா நாச்சிமுத்து, அவர் மனைவி, இன்னும் நாலு பேர். ஆறு பேரும் உள்ளே வந்ததும் முதலில் செருப்பை விட்டுவிட்டுச் சாமி அலமாரிக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். விளக்கு இல்லை. பெட்டியில் மூன்று பச்சை விளக்கும் ஒரு ஆரஞ்சு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தன. அவர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதி எடுத்துத் தன் நெற்றியில் பூசி, மீதியைப் பெட்டி மேலும் பூசினார். நல்ல வேளை, காற்றோட்டத்துக்கு ஓட்டை இருக்கிற பக்கம் அவர் பூசவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. சோற்றில் கை வைத்தால்தான் சம்மதம். கை நனைப்பது என்று சொல்வோம். அம்மா உள்ளே ஆறு இலை போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் அவர்கள் உட்கார்ந்துவிட்டால் எனக்கும் கோகிலவாணிக்கும் கல்யாணம். உட்காராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாச்சிமுத்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்னுங்க, ஒன்னு மட்டும் வேற கலர்ல?" என்றார்.

அப்பாவுக்கு அந்தப் பெட்டி மேல் ரொம்பப் பெருமை. "அது ஒன்னுமில்லீங்க. நாலு போருன்னு வெச்சுக்கங்க. முன்னால ஒன்னு வத்துனா மத்த மூனும் தண்ணி குடுக்கும். இப்பப் பையன் ரெண்டு வத்துனாலும் மத்த ரெண்டும் குடுக்கற மாதிரி பண்றான்."

"நானும் மூனு போட்டேனுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஒவ்வொன்னும் தொள்ளாயிரம் அடி. மூனும் ஒன்னா வத்திருச்சு."

அப்பா எந்த ஊர் வண்டி என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார். நான் விடவில்லை. "மூனும் ஒரே வருசம் போட்டீங்களாங்க?"

"ஆமா தம்பி."

"அதுதாங்க தப்பு. ஒரே தேதியில வர்றதெல்லாம் ஒன்னாப் போயிரும். வேற வேற வருசம் போட்டிருக்கணும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. யோசிக்கிற மாதிரிதான் இருந்தது.

"அப்ப நீ எதையுமே ஒத்தையா வெச்சுக்க மாட்டீன்னு சொல்லு."

"மாட்டேனுங்க."

"வூட்டுச் சாவி?"

"மூனு இருக்குதுங்க. ஒன்னு எதிர்வூட்ல."

"செருப்பு?"

"ரெண்டு சோடிங்க."

"வேலை?"

"வேலை ஒன்னுதாங்க. ஆனா இன்னொரு மில்லுல பேசி வெச்சிருக்கேன்."

"ம்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணு?"

அண்ணா, நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதுவும் மாமனார் ஆகப் போகிறவரிடம் முதல் நாளே பொய் சொன்னால் நன்றாகவா இருக்கும்? "மல்லசமுத்திரத்துல ஒரு ஜாதகம் இருக்குதுங்க" என்றேன். "பொருத்தம் பாத்தாச்சு. ஆனா பேச்சு எதும் ஆரம்பிக்கலீங்க. அது சும்மா எடுத்து வெச்சிருக்கறது. இது போனாத்தான் அது."

சமையலறையில் கரண்டி விழுந்தது.

தெளிவாகச் சொல்லவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. "நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க, இது போகும்னு அர்த்தமில்லை. நல்ல டிஸ்க்குக்கும் மாத்து வெக்கறதுதான் முறை" என்றேன்.

அப்பா, "பையன் படிச்சவனுங்க" என்றார். அதை அவர் ஏன் அப்போது சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு நிமிடம், வேகத்தடை. இது ரெட்டை.

நாச்சிமுத்து எழுந்தார். ஆறு பேரும் எழுந்தார்கள். "யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார். அம்மா ஓடி வந்தாள். "ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போலாமுங்க, இலை போட்டாச்சு." "இருக்கட்டுமுங்க, இன்னொரு நாளைக்கு." மணி பதினொன்று நாற்பது. எமகண்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஆனால் உடனே காரில் ஏறவில்லை. வாசலில் நின்று ஆறு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். நாச்சிமுத்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார், அவர் மனைவி இல்லை என்று தலையாட்டினார், விபூதி பூசியவர் சிரித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கார் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க என்ன பேசுனாங்கன்னு உன்ற கேமராவுல போட்டுக் காட்டு."

நான் பெட்டியின் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தேன்.

"சத்தமும் புடிக்கும்னியே. போடு."

டிஸ்க்குக்கு வேலை குறையட்டும் என்று வெள்ளிக்கிழமையே கேமராவை நிறுத்தி வைத்திருந்தேன் அண்ணா. மூன்று வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் இல்லை. அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சத்தம் போடவில்லை. "நாய் படுத்தது இருக்குது, நாய் எந்திரிச்சது இருக்குது" என்றாள். "உன்ற கல்யாணம் மட்டும் இல்ல." போய் ஆறு இலையையும் எடுத்து மடித்தாள். பிறகு நான் பார்க்கும்படியே மிக்சியை எடுத்து வைத்து, உள்ளே எதுவும் போடாமல், வெறுமனே ஒரு சுற்று ஓட்டினாள். விளக்கு மங்கியது. யூபிஎஸ் கத்தியது. நிறுத்திவிட்டாள். அம்மா நல்லவள்தான்.

நாலு பத்துக்கு ஆரஞ்சு விளக்கு பச்சை ஆனது. ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா வந்து தலையைத் தடவி, "வுடு சாமி, வேற பொண்ணா இல்ல" என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சில நேரம் உண்மையைச் சொன்னால் இன்னும் குழப்பம்.

மறுநாளே அம்மா மல்லசமுத்திரத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே நிச்சயம் ஆகிவிட்டதாம். தப்பு என் மேல்தான். மாற்றை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அப்பப்போ சோதித்துப் பார்க்க வேண்டும். அது ஆபீசில் நானே எல்லோருக்கும் சொல்கிற பாடம்.

புதன்கிழமை கோகிலவாணியே கூப்பிட்டார்கள். இ-சேவை மையத்திலிருந்து, பின்னால் பிரிண்டர் சத்தத்தோடு.

"மல்லசமுத்திரத்துல எடுத்து வெச்சிருக்கீங்களாமா?"

"அது போயிருச்சுங்க."

"நாங்க என்னங்க, உங்க பொட்டியில சொருகற சாமானா?"

மன்னிப்புக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். பிறகு, "எங்கப்பா உங்களப் பத்தி ஒன்னும் தப்பாச் சொல்லலீங்க" என்றார்கள். "வர்ற வழியெல்லாம் சிரிச்சுட்டே வந்தாராம். ஏன்னா எங்க வூட்ல மூனு ஜாதகம் வெச்சிருக்காங்க. பெங்களூர்ல ஒன்னு, திருப்பூர்ல ஒன்னு. நீங்க மூனாவது."

நான் அசந்துபோய்விட்டேன் அண்ணா. பாருங்கள், எங்கள் வீட்டு ஏற்பாடு ஒன்று போனால் தாங்கும். அவர்கள் வீட்டில் இரண்டு போனாலும் தாங்கும். அதுவும் மூன்று வேறு வேறு ஊர். யாரும் சொல்லிக் கொடுக்காமல். "ரொம்ப நல்ல ஏற்பாடுங்க" என்று மனதாரச் சொன்னேன். அவர்கள் "ஏனுங்க, உங்களுக்குக் கோவமே வராதா?" என்று கேட்டார்கள். எதற்குக் கோபம்?

அதற்குப் பிறகு அடிக்கடி பேசுவோம். பெரும்பாலும் சான்றிதழ்களைப் பற்றி. கோகிலவாணியும் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிதான். தினமும் நாற்பது பேருடைய சான்றிதழை ஸ்கேன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் "ஒரு காப்பி வேற எடத்துல வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்புவார்களாம். யாரும் கேட்பதில்லையாம். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நாலாவது டிஸ்க்கையும் மாற்றிவிட்டேன். இரண்டு செத்தாலும் தாங்குகிற மாதிரியும் ஆக்கிவிட்டேன். ஒரே ஒரு குறைதான் இருந்தது. எல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறது. வீடே போனால்? வெளியூரில் ஒரு பிரதி இருக்க வேண்டும். கழற்றிய பழைய டிஸ்க்கில் மூன்று நல்லவை. அவற்றில் எல்லாவற்றையும் எழுதினேன். காவிரிக்கு அந்தக் கரையில் நம்பகமான ஆள் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால், ஒருவர்தான்.

கேட்பதற்குள் அவர்களே போன வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். "பெங்களூர் போன மாசமே வேண்டான்னுட்டாங்க. இன்னைக்குத் திருப்பூரும் போயிருச்சுங்க" என்றார்கள்.

நான் வருத்தம் தெரிவித்தேன். "கவலைப்படாதீங்க. மூனாவது இருக்கற வரைக்கும் ஒன்னும் இழப்பில்லை" என்றேன்.

"மூனாவது நீங்கதானுங்க."

"ஆமாங்க. அப்புறம், ஒரு உதவி" என்று டிஸ்க் விஷயத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "ஞாயித்துக்கெழமை எடுத்துட்டு வாங்க. பத்தரைக்கு. அப்பா இருப்பாரு, அம்மா இருப்பாங்க. மத்தியானம் சாப்புட்டுட்டுத்தான் போகணும்" என்றார்கள்.

அதனால்தான் இந்த டப்பா. டிஸ்க்கை வைக்கச் சொல்வதே ஒரு தொந்தரவு, அதில் சாப்பாடு வேறு எதற்கு? "வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கேனுங்க, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்வேன். அம்மாவிடம் டிஸ்க் வைக்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். டிஸ்க் என்றால் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

ஏன் அண்ணா அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, அது வேறு. கை நனைப்பது என்பது பேச்சுவார்த்தைக்குப் போகும்போது. இது டிஸ்க் வைக்கப் போவது.

அப்பா இருப்பார், அம்மா இருப்பார்கள் என்றுதான் சொன்னார்கள். ஆமாம். ஆமாம், டிஸ்க்கை வாங்கி வைக்க ஒரு ஆள் போதும்.

பத்தரை.

அண்ணா, இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். பன்னிரண்டுக்கு எமகண்டம்.

ஐயோ, வேகத்தடை. பரவாயில்லை, ஒன்றும் ஆகியிருக்காது. துண்டு இருக்கிறது.

அப்படியென்றால் இந்தச் சாதத்தை நான் அங்கே எடுத்துக்கொண்டு போகவே கூடாது, இல்லையா? போய் நின்று, "சாப்பாடு இருக்குதுங்க" என்று நானே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். நீங்கள் காலையில் சாப்பிட்டீர்களா? இல்லையா? பாதி நீங்கள் சாப்பிடுங்கள், பாதி இருக்கட்டும். ஒருவேளை அவர்கள் சாப்பிடச் சொல்லாவிட்டால், எனக்கு ஏதாவது...

நீங்கள் சொல்வது சரி. பாதி இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன்.

முழுவதும் சாப்பிடுங்கள் அண்ணா. ஊறுகாய் இந்தப் பொட்டலத்தில். நிதானமாகச் சாப்பிடுங்கள், காங்கேயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் இந்த அளவில் இது ஒன்றுதான் இருக்கிறது.